கட்டத்துள் அடங்காக் கல்வெட்டு

நுழையும்முன்

கல்லிலும் ஓலையிலும் எழுதப்பட்டவை இன்று கணினிக்குள் இடம்பெயர்ந்து வருகின்றன. இடம்பெயரும் செல்வத்தை எந்தப் பேழையில் வைப்பது என்பதைக் கணினி வல்லுநர் மட்டுமே முடிவுசெய்தல் போதுமா? பேழையின் அமைப்பு பொருளின் அமைப்போடு பொருந்தாவிடில் நாம் இழப்பது என்ன? பழனி வட்டாரத்துக் கல்வெட்டு ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஐவர்மலை சொல்லும் கணக்கு

பழனிக்கு அண்மையில் ஐவர்மலை என்னும் குன்று உள்ளது. அயிரைமலை என்பது அதன் பழம்பெயர். சமணத் துறவியர் வாழ்ந்த அக்குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கல்வெட்டு ஒன்று, குணவீரக் குரவரின் மாணவரான சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்ததைத் தெரிவிக்கிறது. வழிபாட்டுக்கும் துறவி ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைக்கப்பட்டதையும் கூறுகிறது.

அறக்கொடையைச் சொல்லும் கல்வெட்டுகள் தமிழகத்தில் மிகப் பல. ஆயினும், வரலாற்றறிஞர் இக்கல்வெட்டைப் பொன்னேபோல் போற்றுவர். காரணம், இதில் காலம் இருவகையாகக் குறிக்கப்பட்டுள்ளது. சக ஆண்டு 792 என்பது ஒன்று. வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு என்பது மற்றொன்று. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 870 கிடைக்கும். அதிலிருந்து ஆட்சியாண்டாகிய 8ஐக் கழித்தால், இரண்டாம் வரகுணன் 862ஆம் ஆண்டளவில் அரியணை ஏறினான் என்பது தெளிவாகும். பாண்டியர் கால வரிசையை நிறுவுவதற்கு இக்கல்வெட்டு ஓர் ஊன்றுகோலாயிற்று.

இக்கல்வெட்டைக் கணினியில் பதிவுசெய்ய முனையும் ஒருவரின் முன் ‘இடம், அரசன், ஆண்டு, கொடையாளர், கொடை’ என ஐந்து கட்டங்கள் உள்ளன எனக் கொள்வோம். ‘ஆண்டு’ என்னும் கட்டத்தில் அவர் எதை எழுதுவார்? 792 என்றா, 8 என்றா, 870 என்றா? எதை எழுதினாலும் அவ்வெண் பிழையன்று. எனினும், கல்வெட்டின் உயிர் அந்த எண்களுள் எந்த ஒன்றிலும் இல்லை. இரண்டு எண்களும் ஒரே தொடரில் ஒன்றற்கொன்று ஈடாக நிற்கும் உறவில் இருக்கிறது. கட்டம் நிரம்பிவிடும், வரலாறு வெளியே நின்றுவிடும்.

நிரையும் நிரலும்

இவ்விடர்ப்பாட்டின் வேரைக் காண வேண்டுமானால் தரவுத்தளம் என்பது யாது என அறிதல் வேண்டும். 1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் முறையை வகுத்தளித்தார். நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகள் பல, பொதுவான எண்களால் ஒன்றோடொன்று இணைக்கப்படும். இதுவே தொடர்புசார் தரவுத்தளம் எனப்படுகிறது. வங்கிக் கணக்கும் தொடர்வண்டி முன்பதிவும் தேர்வு மதிப்பெண்ணும் இன்று பெரும்பாலும் இம்முறையிலேயே காக்கப்படுகின்றன.

இதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. பழனிப் பேருந்து நிலையத்தின் கால அட்டவணையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பேருந்துக்கும் புறப்படும் நேரம் உண்டு, செல்லும் ஊர் உண்டு, வழித்தடம் உண்டு. எல்லா நிரைகளும் ஒரே வடிவின. மலைமேல் செல்லும் ரோப் காருக்கான சீட்டு விற்பனையும் பஞ்சாமிர்த விற்பனைக் கணக்கும் அத்தகையனவே. ஒரே வடிவில் ஆயிரமாயிரமாய் வரும் செய்திகளை அடுக்கவும் தேடவும் கூட்டவும் அட்டவணையினும் சிறந்த கருவி அரிது.

மரம்போல் கிளைக்கும் அமைப்பு அட்டவணைக்கு முன்னரே கணினியுலகில் இருந்தது என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ திட்டத்தின் உதிரி உறுப்புகளைக் கணக்கிட, 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் கிளைவடிவத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியது. அதில் வேரிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து இலைக்கும் செல்வது எளிது. வேறு வழியில் தேடுவது கடினம். அக்குறையை நீக்கியதனால்தான் அட்டவணை வென்றது. அவ்வெற்றியை மதிக்கும் அதே வேளையில், அட்டவணைக்கென ஓர் எல்லை உண்டு என்பதையும் நாம் உணர வேண்டும்.

கிளைவிடும் உரை

ஓர் இலக்கிய நூல் அட்டவணையைப்போல் இராது. நூலுக்குள் காண்டம், காண்டத்துக்குள் படலம், படலத்துக்குள் பாடல், பாடலுக்குள் அடி, அடிக்குள் சீர், சீருக்குள் அசை எனக் கிளைத்துக்கொண்டே செல்வது அது. எல்லாக் கிளைகளும் ஒரே நீளத்தின அல்ல. திருப்புகழ்ப் பதிப்பு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பாடலுக்குச் சந்தக் குழிப்பும் பதம் பிரித்த வடிவமும் விரிவான உரையும் இருக்கும். மற்றொன்றுக்குப் பாட வேறுபாடு மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஒரே சொல்லுக்குப் பத்து வரிக் குறிப்பு இருக்கும்.

இத்தகைய எழுத்துகளைக் கணினியில் காக்க ஏற்றதாக அமைந்தது எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி. உலகளாவிய வலை அமைப்புக் கூட்டமைப்பு 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இதனைப் பரிந்துரையாக வெளியிட்டது. உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு குறியிட்டு, ‘இது இன்னது’ எனப் பெயர் சூட்டுவதே இதன் வழி. குறிகளின் பெயர்களைத் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஐவர்மலைக் கல்வெட்டின் காலக் குறிப்பைப் பின்வருமாறு எழுத இயலும்:

<காலம்>
  <சகஆண்டு>792</சகஆண்டு>
  <ஆட்சியாண்டு அரசன்="வரகுணன்">8</ஆட்சியாண்டு>
</காலம்>

இரண்டு ஆண்டுகளும் ஒரே கிளையின் இரு இலைகளாக நிற்பதைக் காண்க. சக ஆண்டு இல்லாத கல்வெட்டில் அந்த இலை இராது, அவ்வளவே. பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் ‘இரண்டாம் ஆண்டின் எதிர் ஐந்தாம் ஆண்டு’ என்பது போன்ற புதுமையான காலக் குறிப்பும் வரும். அதற்கும் ஒரு கிளையை வளர்த்துக்கொள்ளலாம். அட்டவணையிலோ இத்தகைய ஒவ்வொரு புதுமைக்கும் ஒரு புதிய நிரலைச் சேர்த்தல் வேண்டும். பத்துக் கல்வெட்டுகளுக்குத் தேவைப்படும் ஒரு நிரல், எஞ்சிய பல்லாயிரம் கல்வெட்டுகளுக்கு வெற்றுக் கட்டமாகவே கிடக்கும்.

அடிமறிமாற்றும் அந்தாதியும்

பொருள்கோள் வகைகளுள் அடிமறிமாற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். அடிகளை எவ்வாறு இடம் மாற்றினாலும் அங்கே பொருள் மாறுவதில்லை. தொடர்புசார் தரவுத்தளத்தின் அட்டவணையும் அத்தகையதே. அதன் நிரைகளுக்கு இயல்பான வரிசை கிடையாது. முதல் நிரை, இரண்டாம் நிரை என்பன அதன் கொள்கையில் இல்லை. வரிசை வேண்டுமெனின் எண்ணிட்டு ஒரு நிரலைத் தனியே சேர்த்தல் வேண்டும்.

இதற்கு நேர்மாறானது அந்தாதி. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாக வருவது அது. முருகன் மீது அருணகிரிநாதர் பாடிய கந்தர் அந்தாதியில் பாடல்களின் வரிசையைக் குலைத்தால் நூலே குலைந்துவிடும். அங்கே வரிசை என்பது பாடலுக்கு வெளியிலிருந்து ஒட்டிய எண்ணன்று; நூலின் பொருளிலேயே அது கலந்துள்ளது. எக்ஸ்.எம்.எல். கோப்பில் முன் எழுதியது முன்னும் பின் எழுதியது பின்னுமாகவே நிற்கும். அந்தாதியை வைக்க எந்தப் பேழை ஏற்றது என்பதை இனி விளக்க வேண்டுவதில்லை.

வெட்டி அடுக்குதல்

எக்ஸ்.எம்.எல். கோப்பைத் தொடர்புசார் தரவுத்தளத்தில் வைக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, கோப்பை வெட்டித் துண்டுகளாக்கிப் பல அட்டவணைகளில் அடுக்குவது.

பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் பகுதி திருவாவினன்குடியைப் பாடுவது. அத்திருத்தலம் பழனி மலையின் அடிவாரத்தில் உள்ளது. இந்நூல் 317 அடிகளை உடையது. அடிக்கு நான்கு சீர் எனக் கொண்டால் ஏறத்தாழ 1270 சீர்கள் ஆகும். பகுதிக்கு ஓர் அட்டவணை, அடிக்கு ஒன்று, சீருக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று, உரைக்கு ஒன்று, பாட வேறுபாட்டுக்கு ஒன்று என ஆறு அட்டவணைகள் வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் வரிசை எண்ணையும் அது எந்தப் பெருந்துண்டுக்கு உரியது என்னும் எண்ணையும் எழுதிவைத்தல் வேண்டும். பின்னர் ஓர் அடியை உரையோடு படிக்க விரும்பினால், அந்த ஆறு அட்டவணைகளையும் இணைத்துப் பார்த்தே அதனை மீட்டெடுக்க முடியும். நூல் பெருகப் பெருக இவ்விணைப்பு வேலையும் பெருகும்.

திருத்தம் வரும்போது இடர் மேலும் கூடும். சுவடி ஒன்றில் 50ஆம் அடிக்குப் பின் கூடுதலாக ஓர் அடி காணப்பட்டு, அதனைச் சேர்க்க நேர்ந்தால் என்ன ஆகும்? எஞ்சிய 267 அடிகளின் வரிசை எண்களும் மாறும். எண்களுக்கிடையே இடைவெளி விட்டு எண்ணிடல் முதலிய உத்திகளால் இதனைச் சமாளிக்கலாம். ஆயினும், நூலுக்குத் தேவையில்லாத ஒரு வேலையைப் பேழைக்காகச் செய்கிறோம் என்பதை மறத்தலாகாது.

உரைநடைப் பகுதிகளில் இழப்பு இன்னும் பெரிது. ‘வரகுணனின் 8ஆம் ஆண்டில் அயிரைமலையில் சாந்திவீரர் உருவங்களைப் புதுப்பித்தார்’ என்னும் தொடரில் அரசன் பெயர், ஆண்டு, இடம், கொடையாளர் பெயர் ஆகியன சொற்களினூடே பின்னிக்கிடக்கின்றன. எக்ஸ்.எம்.எல். அவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் குறி மட்டும் இடும். அட்டவணையோ அவற்றைப் பிடுங்கிக் கட்டங்களில் நடும். எஞ்சிய ‘இல்’ என்னும் வேற்றுமை உருபுக்கும் ‘புதுப்பித்தார்’ என்னும் வினைமுற்றுக்கும் எந்தக் கட்டத்தில் இடம்? பெயர்களையெல்லாம் பெற்றுக்கொண்டு தொடரைத் தொலைத்துவிட்ட நிலை அது.

முழுதாய்ப் பூட்டிவைத்தல்

இரண்டாவது வழி, வெட்டாமல் முழுக் கோப்பையும் ஒரே கட்டத்துள் வைப்பது. இதில் உரை சிதையாது. எனினும், பரணில் ஏற்றிய சுவடிக்கட்டுப்போல் அது உள்ளே கிடக்கும். ‘சக ஆண்டு குறிக்கப்பட்ட கல்வெட்டுகள் யாவை?’ என்று கேட்டால், ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் படித்தே தரவுத்தளம் விடை கூற வேண்டும். ஒரு சொல்லைத் திருத்துவதற்கும் பல வேளைகளில் முழுக் கோப்பையும் மாற்றி எழுத நேரும்.

‘இவை பழங்கதைகள்; இன்றைய தரவுத்தளங்கள் எக்ஸ்.எம்.எல்.லை நேரடியாகவே ஏற்கின்றனவே’ எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. தரவுத்தள வினவல் மொழியாகிய எஸ்.க்யூ.எல்.லின் 2003ஆம் ஆண்டுத் தர வரையறையிலேயே எக்ஸ்.எம்.எல்.லுக்கு இடம் அளிக்கப்பட்டது. கட்டத்துள் இருக்கும் கோப்பினுள் நுழைந்து தேடும் வசதியும் வந்துள்ளது. ஆயினும் அவ்வசதி எல்லா மென்பொருள்களிலும் ஒரே அளவில் இல்லை. ஒன்றில் எழுதிய வினவல் மற்றொன்றில் அப்படியே இயங்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆயிரம் ஆண்டு நின்ற கல்வெட்டின் எதிர்காலத்தை ஒரு நிறுவனத்தின் ஒரு மென்பொருளோடு பிணைத்தல் தகுமா என்பதே என் வினா.

தெரியுமா?

முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் முன்னின்று 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் உலகிற்கு இலவசமாக வழங்கிவருகிறது. தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துகளுக்குப் பலவகைக் குறியாக்கங்கள் வழங்கின. திஸ்கி என்னும் குறியாக்கத்தில் இருந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எளிய, திறந்த உரைக்கோப்புகளாக அவை இருந்தமை அம்மாற்றத்திற்குத் துணைபுரிந்தது.

ஓரெழுத்தில் இரு சொல்

இதுகாறும் கூறியதனால் எக்ஸ்.எம்.எல். குறையற்றது என்று கருதிவிடலாகாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனைத் தமிழ்ச் செய்யுள் நன்கு காட்டும்.

பொருள் நோக்காது ஓசை நோக்கிச் சொல்லைப் பிளந்து சீர் பிரிப்பதை வகையுளி என்பர். ‘மலையில் இருந்து’ என்னும் இரு சொற்கள் புணர்ந்து ‘மலையிலிருந்து’ என்றாகும். அதனை ‘மலையி லிருந்து’ எனச் சீர் பிரித்தால், சீரின் எல்லை ‘லி’ என்னும் எழுத்துக்கு முன்னர் வருகிறது. சொல்லின் எல்லையோ அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘லி’ என்பதில் ‘ல்’ முதற்சொல்லுக்கு உரியது. ‘இ’ இரண்டாம் சொல்லுக்கு உரியது. மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாய் நிற்கும் அவ்விடத்தில் குறியை எங்கே நுழைப்பது? எக்ஸ்.எம்.எல்.லில் ஒரு கிளை மற்றொன்றுக்குள் முழுதாக அடங்க வேண்டும். இரு கிளைகள் ஒன்றையொன்று ஊடறுத்தல் கூடாது. சீரையும் சொல்லையும் ஒரே மரத்தில் காட்ட முயன்றால் இவ்விதி முறியும்.

கல்வெட்டிலும் இதே நிலைதான். பாறையில் இடம் முடிந்த இடத்தில் வரி முடியும். சொல் அடுத்த வரியில் தொடரும். அறிஞர்கள் இதற்கு வழி கண்டுள்ளனர். ஓர் அமைப்பை மரமாகக் கொண்டு, மற்றதன் எல்லைகளை எல்லைக்கல் நடுவதுபோல் சிறு குறிகளால் மட்டும் காட்டுவது ஒரு வழி. சொல் பிரிப்பைத் தனிக் கோப்பாக வைத்து மூலத்தைச் சுட்டிக்காட்டுவது மற்றொரு வழி. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் பன்னாட்டு முயற்சி இத்தகைய முறைகளை வகுத்தது. அதனை அடியொற்றிக் கல்வெட்டுகளுக்கென எபிடாக் என்னும் நெறிமுறை அமைந்தது. 2019இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நல்கையுடன் தொடங்கிய ‘தர்மா’ திட்டம், தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்நெறியில் பதிவுசெய்துள்ளது. சிதைந்த எழுத்து எது, ஐயத்துக்குரிய எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்த எழுத்து எது என்பதை இந்நெறி தனித்தனியே குறித்துக் காட்டும். அட்டவணையின் கட்டத்தில் ஊகமும் உண்மையும் ஒரே முகத்தோடு நிற்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

செய்யத்தக்கது யாது?

என் கருத்து இதுவே: மூலம் மரமாக இருக்கட்டும், அட்டவணை அதன் நிழலாக இருக்கட்டும்.

கல்வெட்டையும் சுவடியையும் நூலையும் மின்வடிவாக்கும் நிறுவனங்கள், குறியிட்ட உரைக்கோப்பையே முதன்மைப் படியாகக் கொள்ள வேண்டும். அதிலிருந்து ஊர்ப்பெயர், அரசர் பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தொகுத்துத் தேடலுக்கான அட்டவணைகளைக் கணினியே உருவாக்கிக்கொள்ளலாம். பொதினி, ஆவினன்குடி, பழனி எனப் பெயர் பலவாக வழங்கினும் அவை ஒரே வட்டாரத்தைச் சுட்டுவன என இணைத்துக் காட்டுவதில் அட்டவணை மிகச் சிறந்த பணியாளன். அட்டவணை பழுதுபட்டால் மூலத்திலிருந்து மீண்டும் உருவாக்கிவிடலாம். மூலத்தை வெட்டி அடுக்கும்போது ஒன்றை விட்டுவிட்டால், அட்டவணையிலிருந்து அதனை மீட்கும் வழி இல்லை. மேலும், குறியிட்ட உரைக்கோப்பை எந்த எளிய மென்பொருளிலும் திறந்து மனிதக் கண்ணால் படிக்கலாம். தரவுத்தளக் கோப்பைப் படிக்க அதற்குரிய மென்பொருள் உயிரோடிருத்தல் வேண்டும்.

இவ்வழி கடினமானது என்பதை நான் அறிவேன். கட்டத்தை நிரப்ப விரைவுத் தட்டச்சே போதும். குறியிடுவதற்குப் படிப்பறிவு வேண்டும். எது சொல், எது சீர், எது பாட வேறுபாடு என அறிந்தவரே குறியிட இயலும். ஆகவே செலவும் காலமும் மிகும். எனினும் அச்செலவு வீணாகாது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடுகளைப் பேணிய உழைப்பு எத்தகையதோ, அத்தகைய உழைப்பே இன்று கணினித் திரையில் தேவைப்படுகிறது. தமிழ் கற்றவரும் கணினி கற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. நாளை நீங்கள் எத்துறைக்குச் சென்றாலும், ஒரு படிவத்தின் கட்டம் உங்கள்முன் நீட்டப்படும்போது, ‘இதில் அடங்காமல் எஞ்சுவது எது?’ என்று கேட்கப் பழகுங்கள். ஐவர்மலைப் பாறையில் உளி பிடித்தவர் இரண்டு ஆண்டுகளையும் அருகருகே பொறித்துச் சென்றார். அவற்றைப் பிரிக்காமல் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள கல்வெட்டு ஒன்றைப் பார்வையிட்டு, வரி முடியும் இடங்களில் சொற்களும் முடிகின்றனவா எனக் கண்டறிந்து எழுதுக.

2. உங்கள் பாடநூலிலுள்ள செய்யுள் ஒன்றை அடி, சீர், அசை எனக் கிளைப்படமாக வரைக. அதனையே நிரை, நிரல் கொண்ட அட்டவணையாகவும் அமைத்து இரண்டையும் ஒப்பிடுக.

3. ‘அட்டவணை கணக்குக்கு ஏற்றது, உரைக்கு ஏற்றதன்று’ – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.